கொள்ளுத்தாத்தா எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்? புதுச்சேரி, கடலூர் பக்கம் முன்னோரைத் தேடும் வழி

என் அம்மாவின் தாத்தா பெயர் ராயப்பன். ஊர் நெல்லித்தோப்பு. மில்லில் வேலை. இந்த மூன்று தகவலோடு தேட ஆரம்பித்தேன். ஆறு மாதம் அலைந்தும் எந்தக் கிறிஸ்தவக் கோயில் புத்தகத்திலும் ராயப்பன் என்று ஒருவர் சாகவே இல்லை. கடைசியில் வயதான உபதேசியார் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, லத்தீன் புத்தகத்துல ராயப்பன்னு எப்படி எழுதுவாங்க? பெத்ருஸ்னு பாருங்க."

ராயப்பர் என்றால் புனித பேதுரு என்பது எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர்தான். ஆனாலும் பதிவேட்டைத் திறந்தபோது மண்டையில் உறைக்கவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நம் பக்கத்தில் ஒரே ஆள் வீட்டில் தமிழ்ப் பெயரோடும், கோயிலில் லத்தீன் பெயரோடும், 'மேரி' என்ற பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடும் வாழ்ந்திருக்கிறார். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆளைத் தவறவிடுவோம். ஊர், தெரு, தொழில், சம்பந்திகள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆகியவை அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு பாடத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் வீடு

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் வீட்டில் மிச்சம் இருக்கும் பெரியவர்களிடம் உட்காருங்கள். "தாத்தா எந்த வருஷம் செத்தார்?" என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்றுதான் பதில் வரும். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். எம்டன் குண்டு போட்டதற்கு முன்னாலா பின்னாலா? (1914 செப்டம்பர்.) சுதந்திரத்துக்கு முன்னாலா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போனபோது அவர் இருந்தாரா? (1954 நவம்பர் 1.) இன்னும் பழைய தலைமுறை என்றால் தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-77.

எங்கள் ஆயா, அதாவது ராயப்பனின் மகள், உயிரோடு இருந்தபோது அம்மாவிடம் அடிக்கடி சொல்வாராம்: "மில்லுல சுட்டாங்களே, அதுக்கு முந்தின ஐப்பசி மழையிலதான் எங்கப்பா போனாரு." 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அப்படியானால் ஆயா சொன்னது 1935 ஐப்பசி. ஒரு வாக்கியத்தில் மாதம் வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் பரணில் இருக்கும் தகரப் பெட்டி. கருமாதிப் பத்திரிகை, போட்டோவின் பின்பக்கம், பாகப்பிரிவினைப் பத்திரம், பென்ஷன் காகிதம், பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் 'லிவ்ரே' என்ற குடும்பப் புத்தகம், எதையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய செபப் புத்தகத்தின் கடைசி அட்டையில் இப்படி ஒரு வரி இருந்தது:

யுவ௵ ஐப்பசி௴ ௨௰௳

௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். ௨௰ என்பது இருபது. யுவ வருடம், ஐப்பசி 20. தமிழ் வருடப் பெயர்கள் அறுபதுக்கு ஒரு முறை திரும்ப வரும் என்பதால் யுவ என்பது 1935-36 ஆகவும் இருக்கலாம், 1875-76 ஆகவும் இருக்கலாம். எந்தச் சுற்று என்பதை வயதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். இங்கே ஆயாவின் மில் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் 1935 நவம்பர் முதல் வாரம். கணக்கு எளிது: பிரபவ என்பது 1927, 1987 ஆண்டுகளில் சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணிக்கொண்டே வரலாம். தை, மாசி, பங்குனியில் நடந்தவற்றுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும், அதை மறந்துவிடாதீர்கள்.

பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். ணை, லை, னை எல்லாம் துதிக்கை மாதிரி கொம்போடு இருக்கும். ஒரு பக்கத்தைப் பழகிவிட்டால் அடுத்த பக்கம் தானாக வரும்.

அந்த இடம் யார் கையில் இருந்தது?

இதைத் தப்பாகப் போட்டால் வேறு நாட்டு ஆவணத்தில் தேடிக்கொண்டிருப்போம். பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் தெறித்த சாந்து மாதிரி ஆங்காங்கே கிடந்தது. வில்லியனூர் பிரெஞ்சு, பக்கத்துக் கண்டமங்கலம் ஆங்கிலேயர். பாகூர் பிரெஞ்சு, ஆற்றைத் தாண்டினால் கடலூர், ஆங்கிலேயர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த எல்லையைப் பார்த்து நடக்கவில்லை. தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பு ஒரு நாட்டிலும் மற்ற பிள்ளைகளின் பிறப்பு இன்னொரு நாட்டிலும் பதிவாகியிருக்கும்.

ஆட்சிக்காலமும் முக்கியம். புதுச்சேரியை டச்சுக்காரர் 1693 முதல் 1699 வரை வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1761-ல் பிடித்து ஊரையே இடித்தார்கள். 1793 முதல் 1816 வரை மறுபடியும் அவர்கள் கையில். இந்த ஆண்டுகளில் பதிவில் ஓட்டை விழுந்திருந்தால் ஆச்சரியப்படவேண்டாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இன்னொன்று: 1993 செப்டம்பர் 30 வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். கோட்டக்குப்பம், வானூர், திண்டிவனம் பக்கத்துப் பழைய காகிதங்களில் 'தென்னார்க்காடு' என்றுதான் இருக்கும்.

கோயில் புத்தகங்கள்

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இதுதான் தங்கச் சுரங்கம், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்தக் கோயில்? பழைய காலத்தில் கப்புச்சின் சாமியார்கள் ஐரோப்பியரையும் தொப்பாசிகளையும் (போர்த்துகீசியக் கலப்பு வழி வந்தவர்கள்) கவனித்தார்கள். அவர்கள் பெயரால்தான் தூமா வீதியில் இருப்பதற்குக் கப்ஸ் கோயில் என்று பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு சபையாரின் பொறுப்பில், மிஷன் வீதி சம்பா கோயில் பக்கம். 1776-க்குப் பிறகு அந்தப் பொறுப்பு பாரிஸ் வேதபோதக சபைக்குப் போனது. இன்று நாம் பார்க்கும் சம்பா கோயில் கட்டடம் 1791-ல் முடிந்தது, கப்ஸ் கோயில் 1855-ல். அரியாங்குப்பம், நெல்லித்தோப்பு, வில்லியனூர் எல்லாம் பழைய பங்குகள் (ஒரு கோயிலின் கீழ் வரும் வட்டாரம்தான் பங்கு). இப்போதைய பங்குகள் பல பிற்பாடு பிரிந்தவை. ஆகவே "உங்கள் பங்கு எது?" என்று கேட்காமல், "1930-ல் இந்தத் தெரு எந்தப் பங்கில் இருந்தது, தாய்ப்பங்கு எது?" என்று கேளுங்கள். கடலூரையும் சேர்த்த உயர்மறைமாவட்டம் என்பதால் இரண்டு ஊருக்கும் ஆயர் இல்லம் புதுச்சேரியில்தான். பங்கில் இல்லாத பழைய புத்தகத்தைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

ஒரு பங்கில் வழக்கமாக நான்கு வகைப் புத்தகம் இருக்கும்: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், அடக்கம். எல்லாரும் நேராக அடக்கப் புத்தகத்தைக் கேட்பார்கள். நான் ஞானஸ்நானப் புத்தகத்தில் தொடங்கச் சொல்வேன். காரணம் உண்டு. 1908 ஈஸ்டரிலிருந்து ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது: ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி, அங்கே அவர் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் குறிக்கவேண்டும். ஆயாவின் ஞானஸ்நான வரியைக் கண்டுபிடித்தால், அவர் எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எங்களுக்கு அந்த ஓரக்குறிப்புதான் கடலூர் முதுநகரைக் காட்டியது.

திருமணப் புத்தகத்தில் இன்னொரு புதையல். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நமக்கு வழக்கம். திருச்சபைக்கு அது விலக்கு கேட்கவேண்டிய உறவு. எனவே பதிவில் 'இரத்த உறவு, இரண்டாம் படி, விலக்கு வழங்கப்பட்டது' என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி இருக்கும். பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் மணமக்கள் இருவருக்கும் ஒரு தாத்தா பாட்டி பொது. அக்காள் மகளைக் கட்டியிருந்தால் இரண்டும் ஒன்றும் கலந்த படி என்று வரும். அந்த ஒரு வரி இரண்டு குடும்ப மரங்களை மேலே கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிடும்.

லத்தீனைக் கண்டு பயப்படவேண்டாம், பத்து சொல் போதும். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், உக்சோர் மனைவி, வீதுவா கைம்பெண், ஒபியித் இறந்தார், செபுல்துஸ் அடக்கம் செய்யப்பட்டார், பாத்ரீனி ஞானப் பெற்றோர். சிர்ச்சிதெர் என்று வயதுக்கு முன்னால் இருந்தால் 'சுமார்' என்று அர்த்தம். 40, 50, 60 என்று முழு எண்ணாக இருக்கும் வயது எதையும் நம்பாதீர்கள், பத்து வருடம் முன்பின் இருக்கும்.

பெயர்களுக்கு ஒரு சின்ன அகராதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். ராயப்பன் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். யாகப்பன் யாக்கோபுஸ். முடியப்பன் ஸ்தெஃபானுஸ், முடி என்றால் கிரீடம் என்பதால். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். ஆசீர்வாதம் பெனெதிக்துஸ். தேவசகாயம் லாசருஸ். சூசை யோசேஃபுஸ், சவரி சவேரியுஸ். இதில் ஒன்றைத் தவறவிட்டுத்தான் நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன்.

சில பழைய வரிகளில் சாதியும் எழுதியிருப்பார்கள். கல்லறையிலும் கோயிலிலும்கூடப் பிரித்து வைத்த காலம் அது. சம்பா கோயிலுக்குள்ளேயே குறுக்குச் சுவர் இருந்த வரலாறு உண்டு. படிக்கும்போது கசக்கும். நகல் எடுக்கும்போது அதை விட்டுவிட்டு எழுதவேண்டாம், அந்த இரண்டு எழுத்துதான் ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டும்.

போகும் முறை பற்றி ஒரு வார்த்தை. நான் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு பங்குக்குப் போய் நின்றேன். மந்திரிப்பு, கல்யாண ஓலை, சான்றிதழ் என்று வரிசை. சாமியார் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, புத்தகம் கிடையாது என்று அனுப்பிவிட்டார். அதே கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுதிய கடிதத்தோடும், தேடும் ஆண்டு மூன்றையும் குறித்துக்கொண்டும் போனேன். கோயில்பிள்ளையே அலமாரியைத் திறந்தார். கரையான் தின்ற பக்கங்களைத் திருப்பவே கூடாது, அவரையே திருப்பச் சொல்லுங்கள். போட்டோ எடுக்க அனுமதி கேட்டு, இல்லை என்றால் நோட்டில் வரிக்கு வரி எழுதுங்கள். பக்க எண்ணும் வரிசை எண்ணும் கட்டாயம்.

சீர்திருத்த சபைக் குடும்பங்களுக்கு வழி வேறு. கடலூரில் லூத்தரன் மிஷன் வேலை 1737-லேயே தொடங்கிவிட்டது. கியர்நாண்டர் என்ற மிஷனரி 1740 முதல் பதினெட்டு வருடம் இங்கே இருந்து, 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். அந்தக் காலத்து மிஷன் அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. டேனிஷ் மிஷன் வழி வந்த ஆற்காடு லூத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே கடலூர்தான்.

பிரெஞ்சு சிவில் பதிவு

பிரெஞ்சு ஆட்சியில் கோயில் புத்தகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புத்தகம் ஓடியது: எத்தா சிவில். 1776-ல் வெர்சாய் அரண்மனை ஓர் ஆணை போட்டது. காலனிகளில் எழுதும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுக்கு மூன்றாவது பிரதி ஒன்று எடுத்துப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும். கப்பல் மூழ்கும், கரையான் அரிக்கும், போர் வரும் என்று யாரோ ஒரு எழுத்தர் கவலைப்பட்டதால்தான் இன்று கடலூரில் உட்கார்ந்துகொண்டு போனில் அதைப் பார்க்கிறோம்.

அந்தப் பிரதிகள் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில், கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, அதன் சுருக்கப் பெயர் 'ஆனோம்' (ANOM). இணையத்தில் இலவசம். புதுச்சேரிக்கு 1676-லிருந்து தொடங்குகிறது. சுமார் நூறு வருடத்துக்குப் பழையவை மட்டுமே திறந்திருக்கும். நாட்டில் இந்தியாவையும், அடுத்து ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்தால் புத்தகம் படம் படமாக வரும். முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். ஆண்டு முடிவில் அகரவரிசை அட்டவணை இருக்கும், கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பத்து ஆண்டுக்கு ஒரு மொத்த அட்டவணையும் உண்டு, அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆரம்பகாலப் புத்தகங்களில் பெரும்பாலும் ஐரோப்பியரும் தொப்பாசிகளும்தான். 1880-ல் வந்த ஆணைக்குப் பிறகுதான் இந்தியர்களின் பதிவு ஒழுங்காக நடந்தது. அதே 1880-ல் புதுச்சேரிப் பகுதி நான்கு கொம்யூன்களாக (உள்ளாட்சிப் பிரிவுகளாக) இருந்தது: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். பிற்பாடு முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், திருபுவனை, நெட்டப்பாக்கம் சேர்ந்து எட்டாயின. ஆகவே 1890-ல் அரியாங்குப்பத்தில் இறந்தவரை அரியாங்குப்பம் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காமல் போகலாம், பக்கத்து கொம்யூனையும் பாருங்கள்.

இறப்புப் பதிவு ஒன்றைப் படிக்கும் விதம். முதலில் வருவது இறந்த தேதி அல்ல, அறிவித்த தேதி, அதுவும் எழுத்தால். பிரெஞ்சில் எண்பது என்றால் 'நாலு இருபது', தொண்ணூறு என்றால் 'நாலு இருபது பத்து'. 'காத்ர வான்' என்று கண்ணில் பட்டால் எண்பதோ தொண்ணூறோ என்று அடுத்த சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்னால் அறிவித்த இருவர் பெயர், வயது, தொழில், வீடு. அப்புறம்தான் 'தெசெதே', இறந்தார். 'இயேர்' என்றால் நேற்று. அதற்குப் பிறகு 'ஃபீஸ்' வந்தால் இன்னாரின் மகன், 'ஃபீய்' மகள், 'வவ்' கைம்பெண். அடியில் கையெழுத்துகள். அதில் ஒன்று தமிழில் இருந்தால் அந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்தர் எப்படிச் சிதைத்திருந்தாலும் அந்த ஆள் தன் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருப்பார்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சூத்திரம்: நம் உகரம் எங்கே வந்தாலும் பிரெஞ்சுக்காரர் ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார். முத்து என்பது எம், ஓ, யு, டி, டி, ஓ, யு. பிள்ளையைப் 'புல்லே' என்பார்கள், முதலியாரை 'மொதேலியார்'. அன் விகுதிக்குக் கடைசியில் ஓர் இ ஒட்டிக்கொள்ளும், சுப்பராயன் என்பது சுப்பராயனே ஆகிவிடும். ஒரு பெயரை அதற்கேற்ற நாலைந்து விதத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அட்டவணையில் இறங்குங்கள். இன்னொரு தந்திரம், அப்பா பெயரின் கீழும் தேடுவது. நம் முன்னெழுத்து முறை புரியாத எழுத்தர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்.

1881 செப்டம்பர் 21 ஆணையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர அது வழி செய்தது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் ஆனது அப்படித்தான். உங்கள் வீட்டில் திடீரென ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் முளைத்திருந்தால், அதற்கு முன்னால் இருந்த தமிழ்ப் பெயர் 1881-க்குப் பிறகான துறப்புப் பதிவில் கிடைக்கும்.

பிரான்சுக்குப் போன பிரதி ஆண்டு முடிவில் அனுப்பியது. அதற்குப் பிறகு ஓரத்தில் எழுதிய குறிப்புகள் அதில் இருக்காது. ஆகவே இணையத்தில் கண்டெடுத்த பிறகும் உள்ளூர்ப் பிரதியைப் பார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு உட்பட்ட பதிவு என்றால் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு நாந்த் நகரத்து மத்திய அலுவலகம். மற்ற எல்லாருக்கும் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக்காப்பகத்தின் கிளை இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகக் காகிதங்களுக்கு அங்கே போகவேண்டும்.

கடலூர்ப் பக்கம்

தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் வாங்கியது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் தலைமையிடமே இதுதான். கம்பெனி ஆட்கள், அவர்களோடு கலந்த குடும்பங்கள், ஆங்கிலோ-இந்தியர்கள் என்றால் தேவாலயப் பதிவுகளின் பிரதி லண்டனுக்குப் போயிருக்கும். பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துக்கென்று 1698 முதலான வரிசை இருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். கல்லறை வாசகங்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905-ல் தொகுத்த பட்டியலில் தென்னார்க்காடு பகுதியைப் பாருங்கள். இன்று உதிர்ந்துபோன கற்கள் அதில் முழுசாக இருக்கின்றன.

கிராமத்துச் சனத்துக்கு இதெல்லாம் கிடையாது. 1899-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டப்படி கிராம முன்சீப், கணக்குப்பிள்ளை கையில் இருந்த பிறப்பு இறப்புக் கணக்குதான். இன்று அது எங்கே இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்: வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றிலும் கேளுங்கள். நகரம் என்றால் நகராட்சி, இப்போது மாநகராட்சி, சுகாதாரப் பிரிவு.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். 'நீங்கள் வாரிசா?' என்று கேட்டால் இந்தப் பிரிவைப் பணிவாகச் சொல்லுங்கள். இறப்புக்கான காரணத்தை மட்டும் நகலில் தரமாட்டார்கள், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. தேடும் கட்டணம் வருடக்கணக்கில் என்பதால் ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போவது பைக்கு நல்லது. இல்லை என்று சொன்னால் 'பதிவில்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த அலுவலகம் அதைத்தான் முதலில் கேட்கும்.

கல்லறைத் தோட்டம்

உப்பளம் கல்லறைக்கோ மஞ்சக்குப்பம் பக்கமோ போவதானால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று போங்கள். வருடம் முழுக்க யாரும் இல்லாத கல்லறையில் அன்றைக்கு யாராவது மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். அவர்கள் உங்கள் உறவாக இருப்பார்கள், அல்லது உறவைத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். மாலை நாலரை மணிக்கு மேல் சாய்ந்த வெயிலில் மங்கிய எழுத்து தானாக எழுந்து நிற்கும். சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, கம்பி பிரஷ் போடுவது மூன்றும் கல்லுக்கு எமன். தண்ணீர் தெளித்துத் துணியால் ஒற்றினால் போதும்.

கல் இல்லை என்றால் மனம் தளரவேண்டாம். குழியைத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். ஒரே குடும்பக் குழியில் பலர் இருப்பார்கள், கல்லில் கடைசி ஆள் பெயர்தான்.

கோயில் புத்தகம் இல்லாத குடும்பங்கள்

அப்பா வழியில் எங்களுக்கு எரிக்கும் வழக்கம், எந்தப் புத்தகமும் இல்லை என்று நினைத்திருந்தேன். அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் காது நிமிர்ந்தது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அப்படியே அம்மா வழியிலும் மூன்று தலைமுறை. எள்ளும் தண்ணீரும் விட்டு மாதாமாதம் ஒப்பிக்கும் ஆவணம் அது. திவசத் திதி தெரிந்தால் மாதமும் பட்சமும் கிடைத்துவிடும். ஆண்டு தெரிந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியே எடுக்கலாம். வாத்தியார் வீட்டில் எழுதி வைத்த நோட்டும் இருக்கும். சொத்து இருந்த குடும்பம் என்றால் பத்திரம்: 'இன்னார் பேரன் இன்னார் மகன்' என்று எழுதாமல் பத்திரம் நகராது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு, மையவாடிப் பொறுப்பாளர்.

ஊரில் சாகாதவர்கள்

எல்லாத் தேடலும் முட்டி நின்றால், அவர் இங்கே சாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர் எத்தனை பேர்! ஆனோம் தளத்தில் சைகோன் பதிவுகளும் இருக்கின்றன. 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினீக் தீவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அதற்குப் பிறகு குவாதலூப்புக்கும், அதற்கு முன்பிருந்தே ரெயூனியோனுக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இறந்தவர் என்றால் 'மெம்வார் தெசோம்' என்ற பிரெஞ்சு அரசின் தளத்தில் பிறந்த ஊரை வைத்துத் தேடலாம். கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கள் ராயப்பன்

உபதேசியார் சொன்ன பிறகு 1935 நவம்பர்ப் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். பெத்ருஸ், சூசையின் மகன், சுமார் 45, மில் தொழிலாளி. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் சிவில் பதிவுக்குப் போனால் அட்டவணையில் ஆர் எழுத்தில் இல்லை. அப்பா சூசையின் பெயரில் எஸ் எழுத்தின் கீழ் இருந்தார். அறிவித்த இருவரில் ஒருவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார்: முடியப்பன். எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதே என்று நோட்டைப் புரட்டினேன். ஆயாவின் ஞானஸ்நான வரியில் ஞானத்தந்தை ஸ்தெஃபானுஸ்.

பதிவில் ராயப்பனுக்குப் போட்டிருந்த பிறந்த இடம் கடலூர் முதுநகர். செவ்வாய்க்கிழமை காலை அங்கே போவதாக இருக்கிறேன், கடிதம் எழுதி வைத்தாயிற்று.